ஆட்களை மட்டும் எடுத்துவிட்ட ஊர்

என் அண்ணனுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. பதினேழு வருடமாக அதுதான். காலை எட்டு மணிக்கு ஒரு டார்ச், மீட்டர் பெட்டியின் மூடியைத் தூக்க ஓர் இரும்புக் கொக்கி, எண்ணைப் பதிய அலுவலகம் கொடுத்த கருவி, இவற்றோடு கிளம்புவான். ஒரு நாளைக்கு எண்பது வீடு. மாடிப்படிக்குக் கீழே, சந்துக்குள்ளே, பழைய மூட்டைகளுக்குப் பின்னாலே என்று குனிந்து குனிந்து முதுகு லேசாக வளைந்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அது அலுவலகம் கொடுத்ததல்ல.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். சாப்பாடு கீழே எங்களோடு. பேச்சு குறைவு. என் கணவரும் அவனும் பத்து வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியானால் ஆள் மாறிவிடுவான். அந்த மேஜையைத் துடைத்துவிட்டு, நோட்டையும் பகடைகளையும் எடுத்து வைப்பான். அன்றைக்கு அவன் ஒரு ஊருக்கே சொந்தக்காரன்.

அந்த விளையாட்டை நான் எத்தனையோ பேருக்கு விளக்கித் தோற்றிருக்கிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு மனிதராக நடப்பார்கள். "கதவைத் திறக்கறேன்," "மாடிக்கு ஏறறேன்" என்று சொல்ல வேண்டியது, நடந்ததா இல்லையா என்று பகடை தீர்ப்புச் சொல்லும். அவ்வளவுதான். ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத விளையாட்டு எதற்கு என்று என் கணவர் கேட்பார். கேட்டுவிட்டு உள் அறையில் போய்ப் படுத்துக் குறட்டை விடுவார்.

எங்கள் விளையாட்டில் வருவது அழிந்துபோன ஓர் உலகம். இந்த மாதிரி உலகங்களுக்கு விதிப் புத்தகங்களே கடையில் கிடைக்கின்றன. அண்ணனும் ஒன்று வாங்கினான். அதில் குண்டு வெடித்து நாசமான நகரம், மூன்று கண் முளைத்த மனிதர்கள், துருப்பிடித்த ரோபோக்கள், கொள்ளைக் கூட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் அமர்க்களம். இரண்டு வாரம் அதை வைத்து ஆடினோம். மூன்றாவது வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

"இதுல கூட்டம் ஜாஸ்தி," என்றான்.

உலகம் அழிந்த பிறகும் கூட்டம் ஜாஸ்தி என்று குறைப்பட்டவன் அநேகமாக இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அப்புறம் அவனே ஒரு ஊரை உண்டாக்கினான். அதற்கு 'வெறும் ஊர்' என்று பெயர். அதில் குண்டும் விழவில்லை, நோயும் வரவில்லை. ஒரு நாள் மதியம், ஆட்கள் எல்லாரும் இல்லாமல் போனார்கள். மற்ற எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. பாதி குடித்த டீ டம்ளரில் காய்ந்திருந்தது. துவைத்த துணி கொடியில் கிடந்து வெளுத்தது. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சுரங்கத்தில் ஆழத்தில் இருந்ததால் தப்பித்தவர்கள். மேலே வந்து, வீடு வீடாகப் புகுந்து, தண்ணீரும் சாப்பாடும் தேடுகிறோம்.

மூன்று பேர் என்றால், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற நான், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற என் தோழி, அப்புறம் பல்லி. பல்லி எலக்ட்ரீசியன். சுவரிலேயே குடியிருக்கிற ஒல்லி ஆள், அதனால் அந்தப் பெயர். அவனுக்கு அதில் பெருமைதான்.

அண்ணனிடம் நூறு வீடுகளின் பட்டியல் இருந்தது. பத்து முகப் பகடை இரண்டை, ஒன்று பத்தாம் இடத்துக்கு, ஒன்று ஒன்றாம் இடத்துக்கு என்று உருட்டினால் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண் வரும். அந்த எண்ணுள்ள வீட்டுக்குள் நாங்கள் போவோம். அவன் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதுகில் சில்லென்று இருக்கும். பேய், பிசாசு ஒன்றும் வராது. ஒரு குழந்தையின் செருப்பு ஒன்று மட்டும் படியில் கிடக்கும். சுவரில் உயரம் அளந்து போட்ட பென்சில் கோடுகள் இருக்கும், ஏழாவது வயதோடு நின்றிருக்கும். இதையெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறான் என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாற்பத்தெட்டு விழுந்தது. "முன் ரூம். ஜன்னல் கட்டையில மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் ஸ்க்ரூ இல்ல, நூல் சுத்தியிருக்கு," என்று சொல்லத் தொடங்கினான். "மேஜைல ஒரு கால் ஆடும், அதுக்கு அட்டைய மடிச்சு வெச்சிருக்கு. உள் ரூம்ல கட்டில். தலகாணி நடுவுல குழி."

நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அட்டை இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தக் கண்ணாடிக்கு நூல் சுற்றியிருப்பவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

"அண்ணா, இது நம்ம வீடு."

"ஆமா."

"நான் எங்க?"

"எடுத்துட்டேன்," என்றான், கறிவேப்பிலையை எடுத்துப் போட்டதைச் சொல்வதுபோல. அன்றைக்குத்தான் தன் வழக்கத்தைச் சொன்னான். "நான் எதையும் சேர்க்கறதில்ல. போற வீட்டுல பார்த்தத அப்படியே எழுதுவேன். ஆளுங்கள மட்டும் எடுத்துடுவேன். அவ்ளோதான் வேலை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பத்து வருடம் சோறு போட்டவளை எடுத்துவிட்டு அட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். நர்ஸ் சிரித்தாள், பல்லி சிரித்தான். அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு, "ஏன் அப்படிச் செய்யற?" என்று கேட்டேன். அவன் பகடைகளைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டான்.

"பெல் அடிச்சா கதவைத் திறப்பாங்க. யாருன்னு மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க. 'மீட்டரா, அந்தப் பக்கம்' அப்படின்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிடுவாங்க. பதினேழு வருஷம். நானும் அவங்க மூஞ்சியப் பார்க்கறத விட்டுட்டேன். தெருவுல நடக்கறப்பவே ஆள் இல்லாத மாதிரிதான் நெனச்சு நடப்பேன். அப்படி நடந்தா நல்லா இருக்கு. எல்லாம் தெளிவாத் தெரியுது."

அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அங்கேயே இரண்டு போட்டிருக்க வேண்டும்.

பட்டியல் அடிக்கடி மாறும். நாங்கள் போய் வந்த வீட்டை அடித்துவிட்டு, அந்த எண்ணில் அந்த வாரம் பார்த்த புது வீட்டை எழுதிவிடுவான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நர்ஸ் பகடையை உருட்டினாள். ஒன்று மேஜையிலிருந்து குதித்து ஸ்டூலுக்கு அடியில் ஓடியது. அறுபத்து மூன்று. கீழே விழுந்த பகடை செல்லாது என்பது எங்கள் சட்டம். மறுபடி உருட்டினாள். இருபத்து மூன்று. அந்த ஒரு பகடை மேஜையிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

"இருபத்து மூணு," என்றான் அண்ணன். முகம் மலர்ந்தது. "இது புதுசு. கேட் சாத்தியிருக்கு, பூட்டல. வாசக் கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. பக்கத்துச் சந்துல மீட்டர். அதுல சின்னச் சிவப்புச் சக்கரம் மெதுவாச் சுத்துது."

"சுத்துதுன்னா தண்ணி ஓடுது!" பல்லி எழுந்தே விட்டான். வெறும் ஊரில் நாங்கள் தண்ணீர் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது.

"இருங்க. கிட்டப் போனா குழாய்ல ஒரு சத்தம். டக், டக், டக். நிக்குது. மறுபடி மூணு."

நர்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் அந்த மேஜையைச் சுற்றி இருட்டியதுபோல இருந்தது.

"குழாய்ல காத்தா இருக்கும்," என்றேன்.

"காத்தும் தட்டும்," என்றான். "ஆனா அது கண்டபடி தட்டும். இது எண்ணி வெச்ச மாதிரி மூணு."

"நானும் தட்டறேன்," என்றான் பல்லி. "பதிலுக்கு மூணு."

இந்த மாதிரி இடத்தில் அண்ணன் பகடையை எடுப்பான். என்ன நடக்கிறது என்பதைப் பகடைதான் சொல்ல வேண்டும். அதில் அவன் ரொம்பக் கறார். அன்றைக்குப் பகடையைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "சத்தம் நின்னுடுச்சு. பத்து எண்ற நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் வேகமா, நிறுத்தாம, தட்டிக்கிட்டே இருக்கு."

பல்லி மெல்ல உட்கார்ந்தான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "பகடை உருட்டாம எப்படிச் சொல்ற?"

"உருட்ட வேண்டாம். தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தட்டிப் பார்த்தேன்."

உள் அறையிலிருந்து என் கணவரின் குறட்டை மட்டும் கேட்டது.

"எங்க தட்டிப் பார்த்த?"

"அந்த வீட்டுலதான். வியாழக்கிழமை. கொக்கியால மூணு தட்டுனேன். அது எப்படி இருக்கும்னு பார்க்க." நோட்டைத் திருப்பிக் காட்டினான். அவனுடைய அழகான கையெழுத்தில் இருந்தது: *பதில் தட்டினால் பத்து எண்ணிக்கை அமைதி. பிறகு விடாமல். நன்றாக இருக்கிறது.*

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "நீ எதையும் சேர்க்க மாட்ட. இல்ல?"

"மாட்டேன்."

"ஆள மட்டும் எடுப்ப."

"ஆமா."

"இந்த வீட்டுல யாரை எடுத்த?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "இதுல யாரையும் எடுக்கலையே. ஆளே பார்க்கல."

"அப்ப தட்டுனது யாரு, அண்ணா?"

ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நோட்டு கையிலிருந்து விழுந்தது. நர்ஸ் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வியாழன், வெள்ளி, சனி," என்று விரலை மடக்கினாள். "தண்ணி கையெட்டற தூரத்துல இருந்தா உயிர் இருக்கும். வாங்க."

பல்லியின் வேனில் ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். அண்ணன் வழி சொன்னான். அந்தத் தெருவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. மூலையில் கைப்பிடி உடைந்த சைக்கிள், வெளுத்த நீலக் கேட், அதன் மேல் கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பா. வெறும் ஊரில் வேறு வீடுகளுக்குப் போகும்போது இந்த வழியாக எத்தனை முறை நடந்திருக்கிறேன்! ஞாயிறு மதியம், தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு கணம், நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நீலக் கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சந்தில் மீட்டர் இருந்தது. சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் சத்தம் இல்லை.

அண்ணன் மண்டியிட்டான். கொக்கி அவனிடம் இல்லை. பல்லியின் ஸ்பேனரை வாங்கி மூன்று தட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி மூன்று. ஒன்றுமில்லை. அவன் குழாயில் காதை வைத்துக்கொண்டு, "இருங்க, இருங்க" என்று யாரிடமோ கெஞ்சினான். நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதோ பத்தோ எண்ணும்போது, மிக மெல்லிசாக, ஒரே ஒரு முறை: டக்.

பல்லி சமையலறை ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தான். பின்னாலேயே நர்ஸ். குளியலறையில் ஒரு அம்மாள், எழுபது வயதிருக்கும், இடுப்பு எலும்பு முறிந்து தரையில் கிடந்தார். பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் சாத்தியிருந்தது. முதல் நாள் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு குழாய் விடாமல் ஒழுகிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். கையில் ஒரு எவர்சில்வர் குவளை. அதை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்க நர்ஸ் ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்ததும்தான் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "நாலு நாளா ஆளையே காணோம், எங்கயாவது போயிருப்பாங்கன்னு நெனச்சோம்," என்றார் ஒருவர். நோட்டும் பகடையும் இல்லாமலே அந்தத் தெரு முழுக்க அண்ணனின் விளையாட்டை ஆடியிருக்கிறது.

அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம் குரல் திரும்பியது. பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் பதில் தட்டுனாரும்மா. முத நாளே. லைன்ல ஆள் இருக்கா இல்லையான்னு எனக்கு மூச்சுலயே தெரியும், அத்தன வருஷம் அதே வேலை. அந்தப் பக்கம் ஆள் இருந்துச்சு. சரி, உதவிக்கு ஆள் கூட்டியாரப் போயிருக்காருன்னு தைரியமா இருந்தேன். சாயங்காலமாச்சு, கதவ உடைக்கிற ஆள் கெடைக்கல போலன்னு நெனச்சேன். மறுநாளு, பாவம் வழியில என்ன ஆச்சோன்னு அவருக்காகக் கவலப்பட்டேன். இல்லன்னா முத நாளே போயிருப்பேன்."

வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். வேன் கிளம்பிய நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"உள்ள போய்ச் சொல்லிடறேன்," என்றான்.

"வாயைத் திறக்காத. அவங்க நிம்மதியா இருக்காங்க."

"பொய்யை நம்பிக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டுமே! உனக்கு என்ன போச்சு?"

பிடிவாதத்தில் அவன் அப்பாவைக் கொண்டவன். நான் கையைப் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வியாழக்கிழமை தட்டியது தான்தான் என்றும், ஒரு விளையாட்டுக்காகத் தட்டினேன் என்றும், சத்தத்தை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன் என்றும் ஒன்று விடாமல் சொன்னான். நன்றாக இருக்கிறது என்று எழுதியதையும் சொன்னான்.

அந்த அம்மாள் திட்டவில்லை. ரொம்ப நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பதினேழு வருடத்தில் யாரும் அவனை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அந்த மூணு நாளும் நீ வந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுத்தான் கெடந்தேன்," என்றார். "அங்க நான் தனியா இல்ல. நீ இருந்த. இப்ப வந்து இல்லங்கற. இனிமே அந்த மூணு நாளையும் நான் மறுபடி படுத்துக் கெடக்கணும். தனியா." கண்ணை மூடிக்கொண்டார். "போப்பா."

வீட்டுக்கு வரும் வழியில், "மனசு லேசாச்சா?" என்று குத்தலாகக் கேட்டேன். "இல்ல," என்றான். அப்படிக் கேட்டதற்கு நான் இன்னும் வருத்தப்படுகிறேன்.

அந்த அம்மாள் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். கூட உறவுக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அண்ணன் அங்கே மீட்டர் பார்க்கப் போகிறான். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "மீட்டர் பார்க்க வந்திருக்கேன், உள்ள யாரு இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்கிறான். ஆள் வெளியே வந்து முகம் காட்டுகிறவரை நகர்வதில்லை. எண்பது வீட்டுக்கு அறுபதுதான் முடிகிறது. அலுவலகத்தில் இரண்டு முறை விளக்கம் கேட்டுவிட்டார்கள். அந்த நீலக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் மட்டும் யாரும் வருவதில்லை. உள்ளே ஓடுகிற ரேடியோவின் சத்தம் குறையும். அவன் எண்ணைப் பதிந்துகொண்டு போகிறவரை குறைந்தே இருக்குமாம்.

எட்டு மாதம் விளையாட்டு இல்லை. அப்புறம் பல்லிதான் பொறுக்க மாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மேஜையைத் துடைத்தான். அண்ணன் மாடியிலிருந்து நோட்டைக் கொண்டுவந்தான். பழைய நோட்டுத்தான். நூறு வீடுகளும் அப்படியே இருந்தன. இருபத்து மூன்றுக்கு நேரே மட்டும் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, புதிதாக ஒரு வரி இருந்தது: *ஆள் இருக்கிறார்.*

நர்ஸ் பகடையை எடுத்தாள். அதை வாங்கிக் கீழே வைத்தான். "இந்த வீட்டுக்குப் பகடை வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் மொதல்ல இங்க வந்து நிக்கணும்."

நாங்கள் மூன்று பேரும் வெறும் ஊரில் அந்த நீலக் கேட்டின் முன் போய் நின்றோம். சந்துக்குள் போனோம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணு தட்டறேன்," என்றான் பல்லி. "பதில் வருதா?"

"வராது," என்றான் அண்ணன். "கோவமா இருக்காங்க. ஆனா இருக்காங்க."

அன்றைக்கு நாங்கள் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.